கேக் பெட்டி மேல் இருந்த நம்பர்

ஹஃப்சாவின் போனை யாரும் பிடுங்கவில்லையாம். ‘வாங்கி வைத்துக்கொண்டார்கள்’, அவ்வளவுதானாம். அந்த வீட்டில் இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எத்தனை நல்ல பெயர் வைத்தாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான்.

ஹஃப்சா பிறந்தது தென்காசி, வாழ்க்கைப்பட்டது கடையநல்லூர். புருஷன் அஃப்சலுக்கு சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. இங்கே வீட்டில் மாமியார் ஜாஹிரா பீவி, தென்காசியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் கொழுந்தன் துல்கர்னைன், மகள் அஃப்ரின். அஃப்ரின் கைக்குழந்தையாக இருந்தபோது ஹஃப்சா பொழுது போகாமல் யூடியூபைப் பார்த்து கேக் சுட ஆரம்பித்தாள். முதலில் சுட்டதெல்லாம் நடுவில் குழி விழுந்து கிடந்தது. “மைனி, இதுல தண்ணி ஊத்தி மீன் வளக்கலாம்” என்று கேலி பேசிக்கொண்டே துல்கர்னைன்தான் அத்தனையையும் தின்று தீர்த்தான். பிறகு கை வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கொஞ்ச நாளில் ‘அஃப்ரின் கேக்ஸ்’ என்று பெட்டியும் அச்சடித்து வந்தது. பெயருக்குக் கீழே அவள் போன் நம்பர்.

ஊரில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை. வீட்டில் கேக் சுடுகிற பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் ஹஃப்சா செய்த காரியத்தை வேறு யாரும் செய்யவில்லை. இந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் கிடக்கிறார்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் அங்கிருந்தே வாட்ஸப்பில் ஆர்டர் போடுவார்கள். எத்தனை கிலோ, என்ன பிளேவர் என்று கேட்டதோடு ஹஃப்சா விடமாட்டாள். “பிள்ளைக்கு என்ன பிடிக்கும்” என்பாள். அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். பெற்ற தகப்பனுக்குத் தெரியாது, பாவம். லீவில் வந்து தங்குகிற நாலு வாரத்தில் என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஹஃப்சா அவன் வீட்டுக்காரியிடம் நைசாக விசாரித்துவிட்டு, “உங்க மவனுக்கு ஜேசிபின்னா உசுரு, அதையே மேல வச்சிருதேன்” என்று அவனுக்குத் தெரியப்படுத்துவாள்.

பெட்டியை வாசலில் நீட்டிவிட்டு வருவதும் கிடையாது. ஸ்கூட்டியில் தானே கொண்டுபோய், தகப்பனை வீடியோ காலில் கூப்பிட்டு, கேக் வெட்டி முடிகிற வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேசி முடித்ததும் அந்த வீட்டுப் பெண்கள், “எங்களையும் ஒண்ணு எடு ஹஃப்சா” என்பார்கள். எடுப்பாள். பெண்கள் மட்டும் இருக்கிற உள்வீட்டில், தலையில் துணி இல்லாமல், கன்னத்தில் கிரீமை அப்பிக்கொண்டு சிரிக்கிற வீடியோ. ஹஃப்சாதானே எடுக்கிறாள் என்று யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

கெடுதல் தம்மாமிலிருந்து வந்தது. அஃப்சலோடு ஒரே ரூமில் தங்கியிருந்த ஒருவன் தன் மகளுக்குக் கேக் சொல்லியிருந்தான். வெட்டி முடிந்ததும் ஹஃப்சா வழக்கம்போல அவனுக்கு வாய்ஸ் அனுப்பினாள்: “அண்ணே, மொதத் துண்டு வாப்பாவுக்குன்னு எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டா உங்க மவ. ஒருத்தரையும் தொட விடலை.” அந்த மனிதன் கண் கலங்கிப்போய் அதை ஸ்பீக்கரில் போட்டான். ரூமில் இருந்த ஒரு வாய்க்கொழுப்பெடுத்தவன், “அஃப்சலு, ஒம் பொண்டாட்டி குரலு கேக்கை விட இனிப்பால்லா இருக்கு” என்றான். ரூமே சிரித்தது.

அஃப்சல் கேட்க வேண்டியது யாரை? அந்த வாயை. அங்கே அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய ரோஷம் அத்தனையும் கடலைத் தாண்டி இங்கே வந்து இறங்கியது.

“கேக் சுட வேண்டாம்னு நான் சொல்லலை. நீ பாட்டுக்குச் சுடு. போனை மட்டும் தம்பிட்ட கொடுத்துரு. ஆர்டரு அவன் எடுப்பான், கொண்டு போய்க் கொடுக்கதுக்கும் அவனே ஆளு பாப்பான். கண்ட ஆம்பளையும் ஒன்ட்ட பேச வேண்டாம்.”

“கண்ட ஆம்பளை யாரு மச்சான் பேசுதா? எல்லாம் பிள்ளைக்குக் கேக் சொல்லுதவங்க.”

“சொன்னாக் கேளு.”

ஹஃப்சா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். ஜாஹிரா பீவி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, “அவன் யாவாரத்தை நிறுத்தவா சொன்னான், பேச்சைத்தானட்டி குறைக்கச் சொல்லுதான்” என்றாள். அந்தப் பேச்சுதான் அவள் வியாபாரமே என்று யாரிடம் போய்ச் சொல்வது? மைதாவும் முட்டையும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

போன் துல்கர்னைனின் சட்டைப் பைக்குள் போயிற்று. அன்றிலிருந்து ஹஃப்சா தன் புருஷனோடு பேசுவதென்றால் கூட, கொழுந்தன் கடையை அடைத்துவிட்டு வந்து, போனை எடுத்து நீட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, “சாப்பிட்டீங்களா மச்சான், நான் சாப்பிட்டேன்” என்று பேச வேண்டியதாயிற்று. இதற்குப் பேர் கௌரவமாம்.

துல்கர்னைன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்குக் கேக்கும் ஒன்றுதான், பனியனும் ஒன்றுதான். என்ன சைஸ், எத்தனை மணிக்கு, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம், முடிந்தது. ஆர்டர்கள் தேய ஆரம்பித்தன. “சீசன் டல்லு மைனி” என்றான். பிறந்தநாளுக்கு ஏது சீசன்? குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. ஹஃப்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அப்புறம் வந்தது ஒலி முகம்மதின் ஆர்டர். ஆள் கத்தாரில் இருக்கிறான். அவன் மனைவி ரிஃபாத், ஹஃப்சாவின் பழைய வாடிக்கை.

“மைனி, நாளைக்கு ஒரு கிலோ சாக்லேட். மேல ‘மன்னிச்சிரு ரிஃபாத்’னு எழுதணுமாம்.”

“மன்னிப்பா? என்னவாம் சண்டை? அவ எங்க இருக்கா இப்ப?”

“அது எதுக்கு நமக்கு? எழுதச் சொன்னதை எழுதுங்க.”

“அவரு அனுப்புன வாய்ஸை முழுசாக் கேட்டியா?”

“மூணு நிமிசம் பேசுதாரு மைனி. யாரு ஒக்காந்து கேப்பா? வேணுங்கிறதைக் கேட்டுட்டேன்.”

கேக்கை ஒரு ஆட்டோவில் ஏற்றி, போனில் பழைய ஆர்டரில் இருந்த முகவரிக்கு அனுப்பிவிட்டான். அவன் கேட்காமல் விட்ட மிச்சத்தில் என்ன இருந்தது என்றால், ரிஃபாத் மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு அச்சன்புதூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், கேக் அங்கே போக வேண்டும், உம்மாவுக்குத் தெரியவே கூடாது என்பதுதான். கேக் நேராக அந்த உம்மாவின் கையில் போய் இறங்கியது. மகன் தனக்குத்தான் அனுப்பியிருக்கிறான் என்று அந்தம்மா பூரித்துப்போய், வந்திருந்த நாலு விருந்தாளிகளுக்கு முன்னால் பெட்டியைத் திறந்திருக்கிறாள். ‘மன்னிச்சிரு ரிஃபாத்.’

அரை மணி நேரத்தில் அந்தம்மா கேக்கும் கையுமாக இங்கே வந்து நின்றாள். “எம் மவன் அவட்ட போயி மன்னிப்பு கேக்கணுமா? அதுக்கு நீ எழுதிக் கொடுக்கியா?” என்று ஆரம்பித்தவள், ஹஃப்சா குடும்பத்தைக் கெடுக்கிறவள் என்பது வரைக்கும் போய்விட்டுத்தான் ஓய்ந்தாள். முகவரி பார்க்காமல் அனுப்பியவன் தென்காசியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியில் இருக்கிற பெயர் ஹஃப்சாவின் மகளுடையது, நம்பர் ஹஃப்சாவுடையது. அந்தம்மா போன பிறகு ஜாஹிரா பீவியும், “பாத்து அனுப்பக் கூடாதாட்டி?” என்றாள்.

“எதை வச்சிப் பாக்க மாமி? போனு ஏங்கிட்டயா இருக்கு?”

ஜாஹிரா பீவி கீழே விழுந்திருந்த கேக் துணுக்கைப் பெருக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அஃப்ரினுக்குப் பிறந்தநாள். ஹஃப்சா காலையிலேயே இரண்டு கேக் சுட்டாள். ஒன்று மகளுக்கு. மற்றதில் மறுபடியும் ‘மன்னிச்சிரு ரிஃபாத்’ என்று எழுதி, பெட்டிக்கு மேல் பாலிதீன் சுற்றி, ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு அச்சன்புதூருக்குக் கிளம்பினாள். சாரல் முகத்தில் அடித்தது. அருவிக்குப் போகிற வெளியூர்க் கார்கள் அவளை ஒதுக்கிக்கொண்டு பறந்தன. யார் செய்த தப்புக்கு யார் நனைவது என்று வழியெல்லாம் வாய்விட்டே ஏசிக்கொண்டு போனாள்.

நடந்ததைக் கேட்டு ரிஃபாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மாமி மூஞ்சி எப்படி இருந்திச்சி? அதைச் சொல்லுங்க மொதல்ல.” சிரித்து ஓய்ந்த பிறகு, “தங்கச்சி மவனுக்கு கேக் சொல்லணும்னு உங்க நம்பருக்குப் போட்டேன் அக்கா. ஒரு ஆம்பளை எடுத்து அலோங்காரு. வச்சிட்டேன். எங்க தெருவுல ரெண்டு மூணு பேரு அப்படித்தான் வச்சிட்டாங்க” என்றாள்.

ஆர்டர் ஏன் தேய்ந்தது என்று ஹஃப்சாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ரிஃபாத் கேக்கை வெட்டப் போனவள் கத்தியைக் கீழே வைத்தாள். “அக்கா, எம் மவன் பொறந்தநாளுக்கு எங்களை எடுத்தீங்கள்லா, தலையை விரிச்சிப் போட்டுக்கிட்டு ஆடுனமே. அது அந்தப் போன்லயா இருக்கு? அது இப்ப யாரு கையில இருக்கு?”

ஹஃப்சாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அவள் குரலை நாலு ஆண்கள் கேட்டுவிட்டார்கள் என்று குதித்த குடும்பம், ஊரில் பாதிப் பெண்களைத் தூக்கி ஒரு ஆணின் சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறது. அவன் பார்த்தானா பார்க்கவில்லையா என்பதல்ல பேச்சு. பார்க்க முடியும், அதுதான் பேச்சு. அவளை நம்பி அல்லவா அந்தப் பெண்கள் அப்படி நின்றார்கள். “இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒனக்கு போன் பண்ணுதேன், ஏங் கையால” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

சாயங்காலம் அஃப்ரின் புது கவுனோடு கேக்குக்கு முன்னால் நின்றாள். துல்கர்னைன் சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு வந்து போனை உயர்த்திப் பிடித்திருந்தான். திரையில் அஃப்சல், வேலைச் சட்டையோடு.

“ஹஃப்சா எங்க? முன்னால வரச் சொல்லு.”

“நான் இங்கனதான் நிக்கேன்” என்றாள் ஹஃப்சா, போனுக்குப் பின்னாலிருந்து. “வர மாட்டேன். அது அடுத்த ஆம்பளை கையில இருக்க போனு.”

“மைனி, நான் அடுத்த ஆம்பளையா?” என்றான் துல்கர்னைன்.

“எனக்கு இல்லப்பா. ரிஃபாத்துக்கு? அந்தப் போனுக்குள்ள அவ இருக்கா. மேலத்தெரு டீச்சர் இருக்காங்க. ஒனக்குப் பொண்ணு கேட்டுப் போயிருக்கோமே, அந்த வீட்டுல தாயும் மகளும் இருக்காங்க. ஒருத்தி தலையிலயும் துணி கெடையாது. என்னை நம்பி நின்னவங்க.”

துல்கர்னைன் போனை நெருப்பைப் பிடித்ததுபோல் விரல் நுனிக்கு மாற்றினான். “அல்லா மேல சத்தியமா நான் எதையும் தொறந்து பாக்கலை மைனி.”

“நீ பாத்தன்னு நான் சொல்லலை. அந்தப் பொம்பளைங்க கேட்டா நான் என்ன சொல்ல? அதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

திரையிலிருந்து அஃப்சல், “இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? அதையெல்லாம் தம்பி அழிச்சிட்டாப் போச்சு” என்றான்.

“அழிக்கணும்னா தொறக்கணும்லா மச்சான். யாரு தொறப்பா?”

ஜாஹிரா பீவிக்கு மெல்ல மெல்ல உறைத்தது. பெண் கேட்டுப் போன வீடு. அந்த வீட்டுக்காரர்களுக்கு இது தெரிந்தால் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். மருமகள் பட்ட பாட்டுக்கு அசையாத மனுஷி, அதற்கு அசைந்தாள்.

“கொடுலே அதை” என்றாள் இளைய மகனைப் பார்த்து. “யாரு சொத்தோ அவட்ட கொடு.”

போன் கைக்கு வந்தது. அதில் அஃப்சலின் முகம் சின்னதாகத் தெரிந்தது. “சரி, இப்பவாவது பிள்ளையை வெட்டச் சொல்லு” என்றான்.

“செத்த இருங்க மச்சான், ஒரு பார்ட்டிக்கு பதில் சொல்ல வேண்டியிருக்கு” என்று சொல்லி அவன் அழைப்பைத் துண்டித்தாள் ஹஃப்சா. நின்ற இடத்திலேயே ரிஃபாத்தைக் கூப்பிட்டு, “நான்தான். போனு ஏங்கிட்ட வந்துட்டு. இனி வேற யாருட்டயும் போவாது. தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிரு” என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் தம்மாமிலிருந்து போன் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது.

“உம்மா, வாப்பா கூப்புடுதாங்க” என்றாள் அஃப்ரின், கத்தியைப் பிடித்தபடி.

“கூப்புடட்டும்ட்டி.”

பேசி முடித்துவிட்டு, வந்துகொண்டிருந்த அழைப்பை எடுத்தாள். “அஃப்ரின் கேக்ஸ். ஹஃப்சா பேசுதேன், சொல்லுங்க.”

அஃப்சலின் முகம் மறுபடியும் திரையில் வந்தது. “எம் மவ கேக் வெட்டுததைப் பாக்கணும்” என்றான்.

“காட்டுதேன். பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. ஹஃப்சா அவசரப்படவில்லை. எல்லாத் தகப்பன்மார்களுக்கும் கொடுக்கிற நேரத்தை அவனுக்கும் கொடுத்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திய பிறகுதான் போனைக் கேக்கின் பக்கம் திருப்பினாள். கேக்கின் மேல் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு அணில் உட்கார்ந்திருந்தது.

“அணிலு” என்றாள். “தெனமும் நம்ம சன்னலுக்கு வருது. அதுக்குப் பேரும் வச்சிருக்கா. அதை நீங்களே கேளுங்க.”