முப்பத்தொரு சுற்று

பயந்தவள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "பயமில்ல, கவனம்" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்; பயம்தான். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பாள். பக்கத்து வீட்டு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். வீட்டிலும் வேலையிடத்திலும் பூட்டம்மா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

வாய்த்த வேலையும் பூட்டுகிற வேலைதான். கடலுக்கு அடியில் எரிவாயுக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் வால்வுகள், நூற்று நாற்பது. கரையில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். திறந்த வால்வு பச்சை, மூடிய வால்வு சிவப்பு. ஒவ்வொரு வால்வுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு. அதன் போட்டோ, அது கிடக்கும் ஆழம், மூடுவதற்கு எத்தனை சுற்று எல்லாம் அதில் இருக்கும். கப்பலிலிருந்து ஒரு ரோபோ இறங்கி, தன் இரும்புக் கையால் அத்தனை சுற்று திருகும். முட்டும் வரை திருகக் கூடாது, தண்டு முறிந்துவிடும். எண்ணிக்கை என்ன சொல்கிறதோ அவ்வளவுதான். திருகியாயிற்று என்று கப்பலில் சொன்னதும் இவள் சிவப்பு போடுவாள். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் மூழ்கிப் போய் குழாயில் கை வைக்கலாம்.

அப்படி மூழ்குகிறவர்களில் ஒருவர் அவளுடைய மருமகன்.

கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று மகள் நின்றபோது இவள் ஒரு வருஷம் அசையவில்லை. "தரையில நடக்குற ஆம்பளையே ஊர்ல இல்லையாடி?" என்றாள். கடைசியில் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அத்தை, நீங்க பூட்டின வால்வுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன். வேற யாரு பூட்டினாலும் எனக்கும் பயம்தான்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் இளகிப்போனாள். அன்றிலிருந்து, மூழ்கப் போகும் முன் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். இவள் பதில் சொன்னால்தான் அவர் இறங்குவார்.

அன்று காலையும் வந்தது. பதினெட்டு நாளாக அவர் கப்பலில் ஓர் இரும்பு உருளைக்குள் குடியிருந்தார். ஆழத்து அழுத்தத்துக்கு உடம்பைப் பழக்க அங்கே வேறு காற்றைச் சுவாசிக்க வேண்டும். அந்தக் காற்று மனிதக் குரலை வாத்துக் குரலாக்கிவிடும்.

"அத்தை, கதவு பூட்டியாச்சா?" ஒலிபெருக்கியில் வாத்து கேட்டது.

"பூட்டியாச்சு மாப்பிள்ள. பத்திரம்."

"மாமியார் பூட்டின வீட்டுக்குள்ள திருடன்கூடப் போக மாட்டானே!" என்றார் மேற்பார்வையாளர். அறையே சிரித்தது. நாற்பத்திரண்டாம் வால்வு சிவப்பாக எரிந்தது. அதற்கு அப்பால் உள்ள குழாயில் வாயுவை எடுத்துவிட்டார்கள். வால்வுக்கு இந்தப் பக்கம், குழாயின் வாயில் இருக்கும் மூடியைக் கழற்றுவது மருமகனின் வேலை. எட்டு போல்ட்டுகள்.

அவள் வழக்கம்போல் மறுபடி இழுத்துப் பார்த்தாள், இந்தக் கதவைத் திரையில். முதல் தடவை: சிவப்பு. இரண்டாம் தடவை: இருபத்தாறு சுற்று வேண்டும், இருபத்தாறு திருகியிருக்கிறது. மூன்றாம் தடவைதான் போட்டோவைப் பார்த்தாள். வால்வின் தலையில் குறுக்காக ஒரு வெள்ளைக் கீறல்.

அந்தக் கீறல் நங்கூரச் சங்கிலி உரசியதால் வந்தது. உரசியது நாற்பத்தொன்றை. நாற்பத்திரண்டின் தலையில் கீறலே கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் பழைய நோட்டுகளிலிருந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியது அவள்தான். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் அக்காள் தங்கை மாதிரி அடுத்தடுத்து இருப்பவை. ஒன்றின் பக்கத்தை அப்படியே நகலெடுத்து மற்றதற்கு ஒட்டினாள். எண்ணை மாற்றினாள், ஆழத்தை மாற்றினாள். போட்டோவையும் சுற்றையும் டீ குடித்துவிட்டு வந்து மாற்றலாம் என்று எழுந்தாள். எழுந்தவள் மறந்தாள். ஊர்க் கதவையெல்லாம் இழுத்துப் பார்த்தவள், தன் கதவைத் திறந்துபோட்டாள்.

அலமாரியைத் திறந்து பழைய நோட்டை எடுத்தாள். நாற்பத்திரண்டு: முப்பத்தொரு சுற்று.

ஐந்து சுற்று குறைவு. கதவு ஒருக்களித்திருக்கிறது. அப்பால் வாயு எடுத்த வெறும் குழாய், மேலே அத்தனை கடல். மூடி நகர்ந்தால் கடல் மொத்தமும் அந்த ஓட்டையில் பாயும். முதலில் கையை இழுக்கும், பிறகு தோளை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஆளைப் பிழிந்து எடுக்கும்.

"நிறுத்துங்க! கப்பல்ல சொல்லி நிறுத்தச் சொல்லுங்க!"

"என்னம்மா, மறுபடியுமா?" மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து எழவில்லை. "போன மாசமும் இப்படித்தான் நிறுத்தினீங்க. ஒண்ணுமே இல்ல. திரை சிவப்பு காட்டுதா இல்லையா?"

"திரைக்கு என்னங்க தெரியும்? கடலடியில அதுக்குக் கண்ணா இருக்கு? நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுது. நான் சொன்னது பொய்."

"பொய்யா?"

"தப்பு என்னோடது. நகலெடுத்து ஒட்டிட்டு மாத்த மறந்துட்டேன். என்னை அப்புறம் திட்டுங்க. இப்ப மைக்கை எடுங்க!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்ததில்லை. அதைக் கேட்டுத்தான் அவர் எழுந்தார்.

கப்பலிலிருந்து பதில் வந்தது. ஆறு போல்ட்டு கழன்றாயிற்று, ஏழாவதில் ஸ்பானர் மாட்டியிருக்கிறது. மருமகன் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். ரோபோ வந்தது. அறையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வால்வு உண்மையாகவே மூடியிருந்தால் ரோபோவின் கை அசையாது. அசையக் கூடாதே, நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

கை அசைந்தது. வெண்ணெயில் திரும்புவதுபோல் திரும்பியது. இருபத்தேழு. இருபத்தெட்டு. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொன்றில் நின்றது.

ஒலிபெருக்கியில் வாத்துக் குரல், இந்த முறை மெதுவாக: "அத்தை... இப்ப பூட்டியாச்சா?"

"இருங்க மாப்பிள்ள" என்றாள். "இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்றேன்."

அன்றே தன் பெயரிலேயே தப்பை எழுதிக் கொடுத்தாள். நூற்று நாற்பது பக்கங்களையும் நோட்டோடு வைத்துச் சரிபார்க்க ஒன்பது நாள் ஆயிற்று. வேறு தப்பு இல்லை. இல்லை என்பதை அவள் இன்றுவரை நம்பவில்லை.

மருமகன் உருளையை விட்டு வெளியே வந்து, ஒரு மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். மகள் பரிமாறினாள். பூட்டம்மா சோற்றில் கை வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், டீ குடிக்க எழுந்தது வரைக்கும்.

"விடுங்க அத்தை, கண்டுபிடிச்சதும் நீங்கதானே" என்று அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, யாரும் எதுவும் சொல்லாமலே எழுந்து, எச்சில் கையோடு வாசலுக்குப் போனார்.

பூட்டியிருந்த கதவை இடது கையால் இழுத்துப் பார்த்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை.