ஹத்துவின் ஜலதோஷம்

ஹத்துவுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது என்றால் பெரிய ஓட்டம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். மலையூரான இஃப்ரானில் கிளப் எங்கள் எட்டு ஓட்டக்காரர்களுக்கும் வாடகைக்கு எடுத்துத் தந்த வீட்டில் நாட்காட்டி கிடையாது. தேவையும் இருக்கவில்லை.

எங்களில் மூத்தவர் அவர். திமஹ்தித் பக்கத்து ஆட்டிடையர் குடும்பம். மனைவி இத்தோ, இரண்டு பெண் குழந்தைகள் எல்லாம் அங்கேதான். தேவதாருக் காட்டில் மேடேறும்போது மற்ற ஏழு பேரும் பார்ப்பது அவர் முதுகைத்தான். ஆனால் வசந்தத்தில் மெக்னெஸில் நடக்கும் தேர்வு ஓட்டம் வந்தால் போதும், ஆள் கம்பளிக்குள் சுருண்டுவிடுவார். ஒரு வருடம் படுக்கையைவிட்டே எழவில்லை. மறு வருடம் பாதி வழியில் இருமிக்கொண்டே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த வருடம் காய்ச்சலோடு ஓடிக் கடைசியில் வந்தார். முதல் மூன்று பேருக்குத்தான் தேசிய மாரத்தான் அணியில் இடம். "ஹத்துவுக்கு அந்தச் சனியன் பிடிக்காமல் இருந்தால் முதலாவதாக வந்திருப்பார்" என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். அவரும் மறுக்கமாட்டார். முப்பத்து நான்கு வயதாகிவிட்டது. வரும் வசந்தம்தான் கடைசி, அதன் பிறகு இந்தக் கட்டில் வேறு ஆளுக்கு என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

இத்தோ கண்ணேறு என்றாள். ஹர்மல் விதையை நெருப்பில் போட்டுப் புகை காட்டிப் பார்த்தாள். கிளப் டாக்டர் ஸொஹோர் அம்மாவுக்குப் புகையில் நம்பிக்கை இல்லை.

"இறைச்சி எவ்வளவு சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

ஹத்து விழித்தார். அதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே மண்சட்டியில் தின்னும் எங்கள் தஜினில் இறைச்சி நடுவில் இருக்கும். சுற்றியுள்ள காய்கறியையும் குழம்பையும் ரொட்டியால் தொட்டுத் தின்றுகொண்டே வந்து, கடைசியில் மூத்தவர்தான் இறைச்சியைப் பங்கு போடவேண்டும். பங்கு போடுகிறவன் பெரிய துண்டை எடுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வாரம் முழுக்க மலையேறி ஓடுகிற மனிதருக்குக் கிடைத்தது எலும்பு.

"கடுமையா ஓடினப்புறம் கொஞ்ச நேரத்துக்கு உடம்போட காவல் தளர்ந்துபோயிருக்கும். சாப்பாடும் பத்தலைன்னா கிருமிக்குக் கதவைத் தெறந்துவிட்ட மாதிரிதான்" என்றார் டாக்டர். பரிசோதிக்கப்பட்ட புரத மாவு ஒன்றின் பெயரைச் சொன்னார். கண்ட டப்பாவை வாங்கினால் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருக்கும், ஓட்டமே போய்விடும் என்றும் எச்சரித்தார். "ஆனா இது சளிக்கு மருந்து இல்ல. நல்லாத் தின்னுங்க, தூங்குங்க. அடுத்தவன் குடிச்ச கிளாஸ்ல வாய வைக்காதீங்க."

ஹத்துவின் மனதில் நின்றது மாவு மட்டும்தான்.

டப்பா ஒரு சின்ன முரசு அளவுக்கு இருந்தது. பயிற்சி முடிந்து வந்த சாயங்காலம் அவர் மூடியைத் திறந்தார். சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேர் பார்த்திருக்கத் தான் மட்டும் ஒன்றை விழுங்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் வராது. அவர் எழுந்து போய் மோர் கலக்கும் பெரிய மரக்கிண்ணத்தை எடுத்து வந்தார். பாலை ஊற்றி, எட்டுப் பேருக்கும் சேர்த்து மாவை அள்ளிப் போட்டுக் கலக்கினார். பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பாஸுவிடம் நீட்டினார்.

பாஸு எங்கள் வீட்டு வாயாடி. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணே, இது வயித்துக்கா, சுவத்துக்குப் பூசவா?"

"குடிடா. உனக்கெல்லாம் சும்மா கெடைச்சா இப்படித்தான் பேச்சு வரும்."

ஒரு மாதத்துக்கான மாவு அந்த வாரமே தீர்ந்தது. டாக்டருக்குத் தெரிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இத்தோ ஒரு ஆட்டை விற்று அடுத்த டப்பாவுக்கு வழி செய்தாள். அதுவும் மரக்கிண்ணத்துக்கே போனது. அந்தச் சமயத்தில்தான் பாஸு தன் அக்கா கல்யாணத்துக்குக் கெனிஃப்ரா போய்விட்டு ஒழுகும் மூக்கோடு திரும்பி வந்தான். கிண்ணம் வழக்கம்போல் சுற்றி வந்தது. அவனிடம் "நீ குடிக்காதே" என்று சொல்வதும் வெளியே போ என்று சொல்வதும் எங்களுக்கு ஒன்றுதான். அவன் குடித்தான், மீசையைத் துடைத்தான், ஹத்துவிடம் கொடுத்தான். இரண்டு நாளில் வீடே தும்மியது. சளியைத் தடுக்க வாங்கிய மாவு எங்கள் எல்லோருக்கும் சளியைப் பரிமாறிவிட்டது.

விஷயம் இத்தோவின் காதுக்கு எட்டியது. மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் மூடி போட்ட பச்சை எனாமல் கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு கிளாஸ்.

"ஓட்டம் முடியிற வரைக்கும் இவரு உங்களோட உக்கார மாட்டாரு. இது இவருக்கு மட்டும்" என்றாள், எங்களைப் பார்த்து. ஹத்து தரையைப் பார்த்தார்.

"எங்க வாயில என்ன விஷமா இருக்கு அண்ணி?" என்றான் பாஸு.

"விஷம் இல்ல. மூக்குல ஒழுகுதே, அத மொதல்ல தொடை."

அன்றிலிருந்து ஹத்து மொட்டை மாடியில், பனிக்காற்றில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். இறைச்சி, முட்டை, பயறு, மாவு எல்லாம் அந்தப் பச்சைக் கிண்ணத்தில். கீழே தஜினில் இறைச்சியைப் பங்கு போட எங்களில் யாருக்கும் கை வரவில்லை. திருட்டுத்தனமாகத் தின்னும் மனிதரைப் போல அவர் படியிறங்கி வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்களுக்குக் கோபம்தான். ஆனால் அவர் கன்னத்தில் சதை பிடித்தது. காட்டில் அவர் முதுகு முன்னைவிட வேகமாக மறைந்தது.

தேர்வு நாள் விடியற்காலை எல்லோரும் அவர் அறை வாசலில் நின்றோம்.

"மூக்கு எப்படிண்ணே?"

"காஞ்சு கெடக்கு."

பாஸு கைகொட்டிச் சிரித்தான். கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஒரே வேனில் ஏறி மெக்னெஸ் போனோம்.

நான் முடிவுக் கோட்டருகே நின்றிருந்தேன். முதல் மூவர் வந்தார்கள். பிறகு இன்னும் சிலர். ஹத்து பதினோராவதாக வந்தார். நொண்டவில்லை, இருமவில்லை, வயிற்றைப் பிடிக்கவில்லை. ஒழுங்காக ஓடி, கோட்டைத் தாண்டி நின்றார்.

பயிற்சியாளர் லஹ்ஸன் ஓடிவந்தார். "என்னாச்சு? காய்ச்சலா?" அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. எனக்கும் அதே ஆசைதான்.

ஹத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இல்ல. ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்."

இவ்வளவு துக்கமாக ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வேன் நிழலில் உட்கார்ந்து இத்தோவுக்குப் போன் செய்தார். "சளி பிடிக்கல" என்றார். அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாளோ, "அவ்வளவுதான் என் ஓட்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே வந்து எங்களோடு உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விலகவும் இல்லை. பச்சைக் கிண்ணம் அவர் பெட்டிக்குள் போயிருந்தது. இறைச்சியை அவர்தான் பங்கு போட்டார். பாஸு தண்ணீர் குடித்துவிட்டு, அவர் பக்கம் கிளாஸை நீட்டப் போனவன், சட்டென்று குழாயடிக்குப் போக எழுந்தான்.

"எங்கடா போற?"

"கழுவிட்டு வர்றேண்ணே. எனக்கு லேசாத் தொண்டை கட்டியிருக்கு."

"குடு இங்க. இனிமே எதுக்குக் கழுவுற?" என்று ஹத்து கையை நீட்டி வாங்கி, மிச்சத்தைக் குடித்தார்.