பாபுவுக்கு ஏழு வயசு

எங்கள் தொழிலில் கத்தியைப் பிடிப்பவர் டாக்டர், கையைப் பிடிப்பவன் நான். பூந்தமல்லியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளனாகப் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் மே மாதம் மாம்பழ சீசன் என்றால் எங்களுக்கு சுன்னத் சீசன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பாய் வீட்டுப் பிள்ளைகள் புதுத்துணியும் மாலையுமாக ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். நடுநடுவே, முன்தோல் இறுக்கம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மற்ற வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். இதைப் படிக்கிறவர்களில் அந்த டேபிளில் படுத்து எழுந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். லுங்கியின் முன்பக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

பாபு பிறந்த விதம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஆறு வயசுப் பையன் ஒருவன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தவன் பிடித்தபடி நின்றான். அப்பா கெஞ்சினார், மாமா சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றார். கம்பியை விடவில்லை. நான் போய் "ஒண்ணும் வலிக்காதுடா" என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கா வெட்டப் போறாங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் தேடிய அவசரத்தில், "என் பையனுக்கும் இதே டேபிள்லதான்டா பண்ணாங்க" என்று வாயில் வந்துவிட்டது.

பேரென்ன என்றான். பாபு என்றேன். எந்தச் சாமி கும்பிடுகிற வீட்டிலும் ஒரு பாபு இருப்பான் அல்லவா. என்ன வயசு என்றான். ஏழு, அழவே இல்லை என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பையன் கிடையாது, பெண்ணும் கிடையாது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது. ஒரே ஒரு தடவை, ஆடியில் பிறக்க வேண்டியது, ஐந்தாம் மாசம் வரை வந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு நானும் கலாவும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பையன் கம்பியை விட்டுவிட்டான். ஊசி போடும்போது என் கட்டைவிரலை நெரித்துக்கொண்டே கேட்டான்: "பாபு அழலைன்னா நான் மட்டும் ஏன் அழணும்?"

தண்ணி லாரிக்காரர்

குத்தம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம், இப்போது தண்ணி லாரி ஓட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போகும்போதும் தோல் பலூன் மாதிரி உப்பும், வலியில் துடித்துப் போவான். தோலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவன் அப்பா என்னை வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "இன்னா அண்ணாத்தே, நம்ம ஆளுங்களுக்கு இத்த பண்ணுவாங்களா? ஊர்ல இன்னா பேசுவான்?"

டாக்டர் சொன்னதையே நானும் திருப்பிச் சொன்னேன், ஏறவில்லை. கடைசியில் பாபுவை இறக்கினேன். அவனுக்கும் இதே மாதிரி உப்பியது, அவன் அம்மா பாத்ரூம் வாசலில் நின்று அழுதாள், இப்போது ஒண்ணுக்கிலேயே சுவரில் கோலம் போடுகிறான் என்றேன். மனிதர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பொய் சொல்கிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் பாபுவைப் பற்றிப் பேசுகிற அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் ஏங்க ஆரம்பித்துவிட்டேன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் என் காதருகே குனிந்தார். "சீட்டுல மட்டும் குடலிறக்கம்னு எழுதிக் குடு அண்ணாத்தே, ஊரு வாய மூடிடலாம்."

கண்டக்டர்

பெரியவர்களும் வருவதுண்டு. சர்க்கரை ஏறிப்போய், தோல் வெடித்து வெடித்து ஆறாமல், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். வார்டில் அவருக்கு இரண்டு பக்கமும் சின்னப் பையன்கள். மூன்று பேரும் லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி பாத்ரூமுக்கு வரிசையாகப் போவார்கள். வெட்கத்தில் மனிதர் என் முகத்தையே பார்க்க மாட்டார். நான் பையன்களுக்கு பாபு கதை சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிப் படுத்திருப்பார்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: "முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சவன் நானு, பாஸ் இல்லாதவன் மூஞ்சி எனக்குத் தெரியும். ஆனா நிறுத்தாத நைனா, கேக்க நல்லாத்தான் கீது."

சட்டை

போன மே மாதம் நசரத்பேட்டையிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற ஜமால் பாய் தன் மகனைக் கூட்டி வந்தார். பையன் டேபிளில் இருந்த நேரம் முழுக்க பாபுவையே விசாரித்தான். சுன்னத் ஆன ஏழாம் நாள் தலைக்குத் தண்ணி ஊற்றி, உறவெல்லாம் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். "அண்ணியும் பாபுவும் கண்டிப்பா வரணும்" என்று பாய் சொல்லிவிட்டுப் போனார். பாபுவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கையைக் கழுவும்போது அந்தப் பையன் என் பின்னாலேயே நின்று, காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டு வந்த பாயின் ஆட்டோ அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. நான் பாத்ரூமில் இருந்தேன். "அண்ணி, பாபு எங்க? ஒடம்பு தேவலையா? எம்புள்ள அவனுக்கு சட்டை குடுக்கணும்னு ஒரே அடம்" என்கிற பாயின் குரல் கேட்டது. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். இத்தனை வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கலாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவளை அவர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன்.

கலா பாயை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிறகு, "இப்ப தேவல பாய். அவன் மாமா ஊட்டுக்குப் போய்க்கீறான்" என்றாள். டீ போட்டுக் கொடுத்து வாசல் வரை போய் அனுப்பிவிட்டும் வந்தாள்.

நான் வெளியே வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலக் கட்டம் போட்ட சட்டை. மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கலா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள், துணியைத் தொட்டாலே சைஸ் சொல்வாள். சட்டையின் தோளை ஒரு சாண் வைத்து அளந்தாள். கையை நீவிவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "இது ஏழு வயசு சைசுங்க. ஆடி வந்தா அவனுக்கு ஒம்பது முடியுது."

அன்றிலிருந்து டேபிளில் எந்தப் பையன் கேட்டாலும் பாபுவுக்கு ஒன்பது என்றுதான் சொல்கிறேன். வீட்டில் சரியாக எண்ணிக்கொண்டிருக்கிற ஆள் இருக்கும்போது தொழிலில் வாய்க்கு வந்த வயசைச் சொல்ல முடியாது பாருங்கள்.