ஒன்றரை மணிப் பள்ளி மூன்று மணிப் பள்ளி ஆன வருஷம்

பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிறவருக்கு, அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய நாள் முதல் சிநேகிதர்கள் கிடையாது. உங்களில் யாராவது அந்த வேலையைப் பார்த்திருந்தால் நான் மேலே விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கணக்கை வைத்த ஆளைப் படிக்கிற காலத்தில் எப்படியெல்லாம் திட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதெல்லாம் என் மாதிரி ஒருத்திக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

நான் பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து கொல்கத்தா வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் பள்ளி முன்பெல்லாம் காலை எட்டுக்கு ஆரம்பித்து மதியம் ஒன்றரைக்கு விட்டுவிடும். அதை மூன்று மணி வரை நீட்டிய வருஷத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பேச்செல்லாம் நடந்தது வங்காளியில். என் பெண் பேசியது மட்டும் தமிழில், அதுவும் முக்கால்வாசிதான்.

வேலை வந்த விதம்

தலைமையாசிரியையை நாங்கள் 'பொர்தி' என்றுதான் கூப்பிடுவோம், பெரிய அக்கா என்று அர்த்தம். பெயரோடு 'தி' சேர்த்தால் இங்கே அக்கா. ஏப்ரலில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எட்டு பீரியட் ஒன்பதாகிறது, முப்பத்தைந்து நிமிஷம் நாற்பதாகிறது, புதிதாக ஒரு சாப்பாட்டு இடைவேளையும் வருகிறது. அதனால் ருட்டீன் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்றார். டைம்டேபிளுக்கு இங்கே ருட்டீன் என்றுதான் பெயர். அதுவரை போட்டுக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார்.

"மெட்ராஸ்காரங்களுக்குக் கணக்கு பிறவியிலேயே வரும். நீங்க போடுங்க, விஜயா" என்றார். நான் திருச்சி, அதுவும் பூகோளம், ப்ளஸ் டூவில் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானவள் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் நம்பர்தானே."

விண்ணப்பங்கள்

ஸ்டாஃப் ரூமில் விஷயம் பரவியதும் என் மேஜையில் துண்டுச் சீட்டுகள் சேர ஆரம்பித்தன. வங்காளி பாடம் நடத்தும் ஷர்மிளா-திக்குச் சாப்பாட்டு இடைவேளைக்கு அடுத்த பீரியட் வேண்டாம். சாதம் சாப்பிட்டுவிட்டு வருகிற பெண்களுக்குக் கவிதை நடத்த முடியாதாம். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு முதல் பீரியட் வேண்டாம். பாட்டு டீச்சருக்கு எந்த பீரியடும் சம்மதம், ஆனால் பக்கத்து அறையில் கணக்கு டெஸ்ட் நடக்கக் கூடாது. கடைசி பீரியட் வேண்டும் என்று ஒரு சீட்டுகூட வரவில்லை.

சீட்டு கொடுக்காதவர் ஃபிசிக்ஸ் தபன்-பாபு ஒருவர்தான். பஜ்பஜிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவர், ரொம்ப சாது. உங்களுக்கு ஒன்றும் வேண்டாமா என்று நானே போய்க் கேட்டேன். "வேண்டாம், விஜயா-தி. ரெண்டே முக்கால் லோக்கலை மட்டும் மூணரைக்கு எடுக்கச் சொல்லுங்க, போதும்" என்றார்.

பூல்கார்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் தனியார் வண்டிக்கு இங்கே பூல்கார் என்று பெயர். பாபி என்பவர் அப்படி ஒரு வண்டி ஓட்டுகிறார். ஒன்றரைக்கு எங்கள் பெண்களை ஏற்றிப் போய் விட்டுவிட்டு, மூன்று மணிக்குத் தாராதலா பக்கத்தில் இன்னொரு பள்ளிக்குப் போவார். சுற்றறிக்கை போன மறுநாள் கேட் அருகில் எனக்காகக் காத்திருந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. சுற்றறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்துப் பிரித்து, மூன்று மணி என்று அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "எங்கம்மா என்னை ரெட்டைப் பிள்ளையாப் பெத்திருக்கணும், திதி."

பெற்றோர் கூட்டம்

கூட்டத்தில் பொர்தி நிதானமாகப் பேசினார். பள்ளியிலேயே கூடுதலாக ஒன்றரை மணி நேரம் படித்துவிட்டால் டியூஷனுக்கு அலைய வேண்டியதில்லை, நூலகமும் விளையாட்டும் ஒழுங்காக நடக்கும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதுவரை நூலகத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு பீரியட், அதையும் கணக்கு டீச்சர்கள் கடன் வாங்கிக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்புப் பெண்ணின் அப்பா ஒருவர் எழுந்தார். டியூஷன் மூன்று மணிக்கு ஆரம்பிக்கிறது, என்ன செய்வது என்றார். டியூஷன் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். "மிஸ், வேணும்னா ஸ்கூலை மாத்தலாம். அந்த சாரை மாத்த முடியாது. இந்த இடம் கிடைக்க ஏழாவதிலேயே பேர் கொடுத்து வெச்சோம்."

வீட்டில்

என் பெண் நித்யா அதே பள்ளியில் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.  புது ருட்டீன் வந்த முதல் நாள் வீட்டுக்கு வந்து பையை சோபாவில் போட்டுவிட்டு, அவள் வகுப்பில் புதன்கிழமை இரண்டு கணக்கு பீரியடை அடுத்தடுத்து வைத்தவரைப் பற்றிப் பெண்கள் என்னென்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அதில் சிலதை நான் இங்கே எழுத முடியாது. பிறகு சமையலறை வரைக்கும் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "மா, ருட்டீன் நீதான் போட்டேன்னு யார்கிட்டயும் போல்பே நா. சொன்னா எனக்கு அங்க ஃப்ரெண்ட்ஸே இருக்க மாட்டாங்க."

ஒன்பதாவது பி

இரண்டாவது வாரம் ஒன்பதாவது 'பி'யில் கடைசி பீரியட் எனக்கு. அந்த நேரத்தில் பாதி வகுப்பு தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, தாமோதர் நதியைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு வகுப்பு அவ்வளவு ஒழுங்காக இருந்தால் எதையோ மறைக்கிறது என்று அர்த்தம். அப்போது கடைசி பெஞ்சின் அடியிலிருந்து ஒரு சிவப்பு கிரேயான் உருண்டு என் கால் வரை வந்தது.

போய்க் குனிந்து பார்த்தேன். பைகளுக்கு நடுவில் ஐந்து வயசுக் குழந்தை ஒன்று, வேறொரு பள்ளியின் சீருடையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் வகுப்புக்குக் கொடுத்த மேப்பில் வங்காள விரிகுடா முழுவதற்கும் சிவப்பு அடித்து வைத்திருந்தது. மௌமிதா எழுந்து நின்றாள்.  பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். குழந்தை மௌமிதாவின் தங்கை துலி. பின் தெரு நர்சரி ஒரு மணிக்கு முடிந்துவிடும், இரண்டு மணிக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவுக்கு நர்சிங் ஹோமில் ஆயா வேலை, இரவு எட்டுக்குத்தான் வருவாள். அப்பா இல்லை. முன்பு ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் மௌமிதா போய் அழைத்துக்கொள்வாள். இப்போது சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் அழைத்து வருகிறாள். யாரோ டீச்சரின் குழந்தை என்று நினைத்துத் தர்வானும் கேட்டைத் திறந்து விட்டிருக்கிறார். அப்படி ஆறு நாள். வகுப்பு மொத்தமும் காவல்.

உருண்டு வந்த கிரேயானை எடுத்து நீட்டினேன். குழந்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தப்பு எங்கே நடந்தது என்று புரியாத முகத்தோடு கேட்டது: "நான் சத்தமே போடலையே, மிஸ்?"

அம்மா

விதிப்படி அன்றே பொர்தியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அம்மாவை வரச் சொல்லி மௌமிதாவிடம் சொல்லியனுப்பினேன். நர்சிங் ஹோமில் லீவு கிடைத்து அவள் வருவதற்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் துலி பெஞ்சுக்கடியில்தான் இருந்தாள். 

அம்மா என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். ஆயாக்கள் உடுத்தும் வெள்ளைப் புடவையிலேயே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டி.சி. கேட்டு எழுதிய கடிதத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அவசரப்படாதீர்கள், ஏதாவது வழி பார்க்கலாம் என்றேன். என்ன வழி என்று கேட்டாள்.  அவள் அழவில்லை. மருந்துச் சீட்டில் உள்ளதைப் படிப்பது போலச் சொன்னாள்: "பெரியவளை நிறுத்தினா சின்னவ படிப்பா. சின்னவளை நிறுத்தினா பெரியவ படிப்பா. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பொர்தியின் அறை

கடிதத்தை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் எனக்கு வகுப்பு இருந்த இடத்திலெல்லாம், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கை தூக்குங்கள் என்றேன். கை தூக்காத வகுப்பு ஒன்றுகூட இல்லை. சிலதில் நாலு, சிலதில் ஐந்து. ருட்டீன் போடுவதற்கு முன்னால் டீச்சர்களின் சீட்டை எல்லாம் வாங்கினேனே தவிர, இவர்களில் ஒருத்தியிடமும் நான் கேட்கவில்லை. அது அன்று முழுக்க என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

மாலையில் பொர்தியிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். குழந்தை பெஞ்சுக்கடியில் இருந்தது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். ஐந்து நாளாக என்றேன். அந்தக் குழந்தை படியில் விழுந்து அடிபட்டிருந்தால் யார் பதில் சொல்வது என்றார். நியாயமான கேள்விதான், தலையைக் குனிந்துகொண்டேன். எழுத்துமூலமாக விளக்கம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ருட்டீனை எடுத்து மேஜையில் விரித்து, கடைசி இரண்டு பீரியட் யார் யாருக்கு ஓய்வு என்று பென்சிலால் வட்டம் போட்டார். நூலகத்தை ஒட்டிப் பழைய தையல் அறை ஒன்று சும்மா கிடந்தது. தம்பி தங்கைகள் மூன்று மணி வரை அங்கே உட்காரட்டும், ஓய்வாக இருக்கும் டீச்சர் ஒருவர் கூட இருக்கட்டும், அம்மாக்களிடம் கையெழுத்து வாங்குங்கள் என்றார். டீச்சர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். பென்சிலை என்னிடம் நீட்டினார். "திங்கக்கிழமைக்கு என் பேரை எழுதுங்க. எனக்கும் அந்த நேரத்தில் வகுப்பு இல்லை."

பூஜைக்குப் பிறகு

எல்லாரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். இரண்டு பேர் கடைசிவரை வரவில்லை. ஷர்மிளா-தி முணுமுணுத்துக்கொண்டே போனவர், பத்து நாளில் அங்கே குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மௌமிதா இப்போது பத்தாவதில் இருக்கிறாள். டி.சி. கடிதத்தை அவள் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதிரிலேயே கிழித்துப் போட்டாள்.

துர்கா பூஜை லீவு முடிந்து வந்தபோது, பெற்றோர்கள் விடாமல் கொடுத்த மனுக்களால் நிர்வாகம் ஒன்பதாவது பீரியடை எடுத்துவிட்டது. பள்ளி இரண்டு இருபதுக்கு விடும் என்று ஆயிற்று. நர்சரி இரண்டு மணிக்கே கதவை மூடிவிடும் என்பதால் தையல் அறை அப்படியே இருக்கட்டும் என்று பொர்தி சொல்லிவிட்டார். நான் மறுபடி ராப்பகலாக உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்டு, இந்தத் தடவை பெண்களிடமும் கேட்டு, புது ருட்டீனை ஒட்டினேன். கெமிஸ்ட்ரி டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். "அப்போ எட்டாவது பீரியட்தான் இனி கடைசி பீரியட். அது எனக்கா, விஜயா-தி?"

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற இருபத்து நாலு மணி நேரம் ஆகிறது என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன், அது யாருக்குமே போதவில்லை என்பது அந்த ஒரு வருஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.