திரும்பி வந்தது கப்பல் மட்டும்

1993 செப்டெம்பர், ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கடையை மகளிடமும் மருமகனிடமும் ஒப்படைத்துவிட்டு லண்டன் வெம்பிளி பார்க் ஸ்ரேஷனுக்கு நடந்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கோட்டும் ஒரு பையுமாக இந்த நாட்டில் இறங்கி, காருக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில் இரவு வேலை பார்த்து, இன்று இரண்டு கடைக்குச் சொந்தக்காரன். பக்கத்து ஹரோவில் இருக்கும் டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் சனிக்கிழமைகளில் என் கடையில்தான் வரிசையில் நிற்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

அன்று நான் போன இடம் ரொதர்ஹைத். தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் பழைய கப்பல்காரர் ஊர். வரச் சொன்னவன் என் ஒரே மகன் சிவநேசன். லூயிஷாமில் இருக்கிறான். நான்கு வருடத்துக்கு முன் வேதத்தில், அதுதான் கிறிஸ்தவத்தில், சேர்ந்தான். அதுவும் சாதாரண வேதம் இல்லை. சிலுவை இல்லை, மெழுகுதிரி இல்லை, வாத்தியம் இல்லை; வாடகை மண்டபத்தில் கதிரை போட்டு இருந்து பைபிள் வாசிக்கிற சிறு கூட்டம். கணக்காளர் வேலையை விட்டுவிட்டு, அப்படியான இன்னொரு கூட்டத்துக்குப் போதகராக வரும் வியாழக்கிழமை அமெரிக்காவுக்குப் போகிறான். பொஸ்ரனுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். போகுமுன் இந்த இடத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்றான். எனக்கும் அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது: நான் செத்தால் வந்து கொள்ளி வைப்பாயா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் தாய் இறந்தபோது வந்தான், நின்றான், அழுதான். ஐயர் தர்ப்பையை நீட்டியபோது கையைக் கட்டிக்கொண்டான். லண்டனில் கொள்ளி என்பது பிணம் எரிக்கும் மண்டபத்தில் ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை நான்தான் அமத்தினேன். பிள்ளை பக்கத்தில் நிற்கப் புருஷன் கொள்ளி வைத்த கதையை நான் ஊரில் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் ரிக்கற் மூன்று பவுண் சொச்சம். பேக்கர் ஸ்ட்ரீட்டில் ஒருமுறை, வைட்சாப்பலில் ஒருமுறை மாறினேன். வொப்பிங்கைத் தாண்டியதும் ரயில் ஆற்றுக்கு அடியால் போகிறது. பழைய செங்கல் சுரங்கம். தலைக்குமேல் தேம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மைல் இருக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

பத்தரை மணிக்கு ரொதர்ஹைத்தில் ஏறி வெளியே வந்தேன். மகன் நின்றான்.

“சாப்பிட்டீங்களோ அப்பா?”

“கடைக்காரன் பட்டினியாய் வருவானோ? நீதான் மெலிஞ்சுபோனாய்.”

குறுகிய தெரு. இரண்டு பக்கமும் சரக்கு வைக்கிற உயரமான செங்கல் கிட்டங்கிகள்; சிலவற்றைப் பணக்காரர்களுக்கு வீடாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, பிறகு ஆறு. அவ்வளவுதான் ஊர். “இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் இழுத்தனீ?” என்று கேட்டேன். “1620இல இஞ்சையிருந்துதான் மேஃபிளவர் கப்பல் வெளிக்கிட்டது” என்றான்.

அவன் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். இங்கிலாந்துச் சபை ரோமாபுரிப் பாப்பரசரை விட்டுப் பிரிந்தது. ஆனால் ஆயர்களையும் அங்கிகளையும் சடங்குகளையும் விடவில்லை. பைபிளில் இல்லாத எல்லாவற்றையும் கழுவித் துடைக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்களைத்தான் பியூரிட்டன், தூய்மைக்காரர் என்று ஊர் நக்கலடித்தது. கிறிஸ்து பிறந்த நத்தாரைக்கூடக் கொண்டாடமாட்டார்கள். கழுவிச் சரிவராது, பிரிந்துதான் போகவேண்டும் என்று அவர்களில் சிலர் ஒல்லாந்துக்கு ஓடினார்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பிள்ளைகள் ஒல்லாந்துக்காரராக மாறத் தொடங்க, பயந்துபோய் இந்தக் கப்பலைப் பிடித்து அமெரிக்காவுக்குப் போனார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு, பிரியாமல் நின்ற மற்றப் பெருங்கூட்டமும் ஆயிரக்கணக்கில் பொஸ்ரன் பக்கம் போனது.

தேவாலயத்தைத் திறந்து வைத்திருந்தவர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. என் இங்கிலிஷ் கடை இங்கிலிஷ்தான், ஆனால் வேலைக்கு உதவும். கப்பலின் கப்பித்தான் இந்த ஊர்க்காரர் என்றும், முற்றத்தில் எங்கேயோ புதைத்திருக்கிறார்கள், எந்த இடம் என்று ஒருவருக்கும் தெரியாது என்றும் அவர் சொன்னார்.

“கப்பல் திரும்பி வந்ததோ?” என்று கேட்டேன்.

வந்தது, அடுத்த வசந்தத்தில் என்றார். ஏறிப்போன குடும்பங்களில் எத்தனை பேர் அதில் திரும்பி வந்தார்கள் என்று கேட்டேன். ஒருவருமில்லை என்றார். அங்கே முதல் மாரிக் குளிரில் பாதிப் பேர் செத்துப்போனார்களாம். மிச்சப் பேர், கப்பல் காத்து நின்றும் ஏறவில்லையாம்.

பதினொன்றரை மணி. ஆற்றங்கரைப் படிக்கட்டில் இருந்தோம். நீர் வற்றியிருந்தது. சேறும் கல்லும் துருப்பிடித்த சங்கிலித் துண்டுகளும் தெரிந்தன.

“ஆருக்கு மோட்சம், ஆருக்கு நரகம் எண்டு உலகத்தைப் படைக்க முன்னமே தேவன் தீர்மானிச்சிட்டார். அதுதான் கப்பலில போனவையின்ர நம்பிக்கை. என்ர நம்பிக்கையும்.”

“டேய், இது எங்கட தலையெழுத்துத்தானே! வீட்டிலயே கிடந்த சாமானுக்கு ஏன்ரா வேற கடைக்குப் போனாய்?”

சிரித்தான். “நீங்கள் தலையெழுத்தை மாத்த நேத்தி வைப்பீங்கள், அருச்சனை செய்வீங்கள். அவை அது செய்யமாட்டினம்.”

“அப்ப தனக்கு மோட்சம் எண்டு ஒருத்தனுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாது. அதுதான் பெரிய கஷ்டம். ஒவ்வொரு நாளும் தங்கட மனசைத் தோண்டித் தோண்டிப் பாப்பினம்.”

“செத்தவீடு?”

“ஒண்டுமில்லை அப்பா. செபமில்லை, பிரசங்கமில்லை. செத்தவருக்காகச் செபிச்சு ஒண்டும் மாறாது. பேசாமல் கொண்டுபோய்த் தாட்டுப்போட்டு வருவினம்.”

இதற்குமேல் சுற்றி வளைக்க எனக்கு ஏலாது. கொள்ளி வைப்பாயா என்று கேட்டேன்.

“உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. வருவன். பக்கத்தில நிப்பன். பொத்தான் அமத்தமாட்டன்.”

“பொத்தான்தானேடா! வாசல் பெல்லை அமத்துறேல்லையோ நீ?”

“அமத்துவன். அது ஐயர் மந்திரம் சொல்ல அமத்துறேல்லை.”

பெருநாளைக்குப் பெருநாள் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவன் நான். எந்தப் பேரத்திலும் தோற்றதில்லை. அந்தப் படியில் இருந்து வேறு பேரம் தேடினேன். ஒரு சின்னப் படகு போய், அதன் அலை சேற்றில் வந்து அடங்கியது.

“அவை செத்தவையை எப்பிடிக் கொண்டுபோனவை?” என்றேன் கடைசியில். “மந்திரமில்லாமல் சவம் தானா நடந்தே போனது?”

“தோளில. சொந்தக்காரரும் அயலவரும் காவிக்கொண்டு போனவை.”

“அது உன்ர வேதத்தில பிழையில்லையோ?”

யோசித்தான். “இல்லை. அது பிழையில்லை.”

“அப்ப காவுவியோ?”

“காவுவன் அப்பா. முன்னுக்கு நிண்டு காவுவன்.”

“நான் தொண்ணூறு கிலோ, பாத்துக்கொள்.”

“அப்ப இண்டையிலயிருந்து சோத்தைக் குறையுங்கோ” என்று சொல்லி முகத்தைத் துடைத்தான்.

ஒரு மணிக்கு ஸ்ரேஷனில் பிரிந்தோம். அவனுக்குத் தெற்கே போகிற ரயில், எனக்கு வடக்கே. அவனுடையது முதலில் வந்தது.

மூன்று மணிக்குக் கடைக்கு வந்தபோது மகள் கல்லாவில் இருந்தாள். ஊரில் காலையில் செத்தால் பொழுதுபடுமுன் எடுத்துவிடுவோம். பிணம் காத்திருப்பது வீட்டுக்குக் கூடாது. இந்த நாட்டில் கிழமைக் கணக்கில் குளிரில் வைத்திருக்கிறார்கள். என் மனைவியை அப்படி வைத்திருந்தபோது, இதென்ன நாடு என்று ஏசினேன். இங்கே வந்து ஒன்பது வருடத்தில் அன்றுதான் அந்த வழக்கம் எனக்கு நல்லதாகப் பட்டது.

“பிள்ளை, நான் செத்தால் பொத்தானை உன்ர புருஷன் அமத்தட்டும்” என்றேன். “ஆனா அண்ணை பொஸ்ரனிலயிருந்து வந்து சேருமட்டும் என்னை வைச்சிருங்கோ.”

“என்னப்பா விசர்க்கதை?” என்று அவள் அழத் தொடங்கினாள்.

“எத்தினை நாள் எண்டாலும் வைச்சிருங்கோ. எனக்கு அவசரமில்லை.”