மர்சூக் மாமாவின் அட்டை இலக்கம்

மர்சூக் மாமாவைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய நிவாரண அட்டை இலக்கத்தில் தொடங்க வேண்டும். 0417. எங்களுடையது 0418. புத்தளத்து முகாமில் மாவும் பருப்பும் வாங்க வருடக்கணக்காக ஒன்றின் பின் ஒன்றாக நின்ற இலக்கங்கள். அந்த வரிசையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

தொண்ணூறில் எங்கள் ஆட்களை ஊரை விட்டு விரட்டியபோது, சிலாவத்துறையிலிருந்து வள்ளத்தில் போன மாமாவுக்கு இருபத்து நான்கு வயது. பிறகு புத்தளத்து உப்பளங்களில் உப்பு வாரினார். யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம் நாங்களும் அவரும் ஒரே லொறியில் திரும்பி வந்தோம். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் ஒரு கிணற்றுக்கட்டும் உடைமரக் காடும் நின்றன. அழுதாரா என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

"கத்திய எடுத்து வெட்டத் தொடங்கினாரு. வேறொண்டும் இல்ல புள்ள."

வெட்டிய இடத்தில் ஒரு தகரக் கடை போட்டார். போட்டோ கொப்பி, போன் ரீலோட், அரசாங்கக் கந்தோருக்குக் கொடுக்கும் படிவங்கள். மனைவி மரியம் மாமி புத்தளத்தில் மகளோடு தங்கிவிட்டார். போன வருடம் அவருக்கு வாதம் வந்து பேச்சும் போனது. வைத்தியம் அங்கே, பாதி கட்டிய வீடு இங்கே. மாமா வீட்டோடு நின்றார்.

ஒவ்வொரு நாளும் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் கடைக் கதிரையில் இருந்து போனில் மாமியின் முகத்தைப் பார்ப்பார். "மரியம், கேக்குதா?" என்பார். மாமி வலது கண்ணை ஒரு தரம் மூடுவார். அவர்களுடைய கதை அவ்வளவுதான். எங்கள் குசினிக்கும் அவருடைய கடைக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டுமே, அதனால் எனக்கு எல்லாம் கேட்கும்.

கேட்பதோடு நிற்கவில்லை. ஓ.எல். பரீட்சைக் கணிதத்தில் இரண்டு தரம் விழுந்தவள் என்றாலும் இலக்கம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. மாமாவின் வைஃபை பெட்டி எட்டு எழுத்தில் கடவுச்சொல் கேட்டதாம். அவர் அட்டை இலக்கத்தையே இரண்டு தரம் அடித்திருந்தார். அவர் மட்டுமல்ல. மருந்துக்கடை, கணக்குப் படிப்பிக்கிற சேர், மீன் வாடி என்று முகாமிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் செய்திருந்தார்கள். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளை மறப்பார்கள், அட்டை இலக்கத்தை மறக்கமாட்டார்கள். யார் வரிசையில் எத்தனையாவதாக நின்றார் என்று தெரிந்தால் ஊரில் பாதி திறந்துவிடும்.

குசினியில் இருந்தபடியே மாமாவின் பிரிண்டருக்குப் பூனைப் படங்கள் அனுப்பினேன். பிறப்புச் சான்றிதழ் கொப்பிக்கு நின்றவர்களின் கையில் பூனை வந்தது. மாமா கோபிக்கவில்லை. ஒவ்வொரு பூனையையும் சுவரில் ஒட்டினார். பிறகு, கடைக்கு எதிர் மதிலில் எந்நேரமும் குந்தியிருக்கும் பைசருக்கும் அவனுடைய கூட்டத்துக்கும் அந்த எட்டு இலக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரிக்கு நாலு பேர் கைதட்டவும் வேண்டுமே.

கிரிக்கெட் நடந்த ஒரு பின்னேரம் மாமா வேலியடிக்கு வந்தார். கையில் போன்.

"றிம்ஷா, இதப் பாரு புள்ள. மரியம் கண்ண மூடுறா இல்ல."

பார்த்தேன். மாமியின் முகம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, கண் திறந்திருந்தது. நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா?"

"இருபது நிமிசம் இருக்கும்."

"மாமா, படம்தான் நிண்டு போச்சு. மாமிக்கு ஒண்டுமில்ல."

சாதாரண அழைப்பில் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். உம்மா கஞ்சி குடிக்கிறா என்றாள் மகள். மாமா போனை மேசையில் வைத்தார்.

"அப்ப இவ்வளவு நேரமும் நான் ஆரோட கதைச்சன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நல்லாயிருக்கும். படிவத்தில் விடுபட்ட கட்டத்தைக் கேட்பது போலக் கேட்டார். மதிலில் மாமாவின் வைஃபையில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த பைசரின் கூட்டம் "சிக்ஸர்!" என்று கத்தியது.

கடைக்குள் போய், வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தை மாமாவின் போனில் திறந்தேன். அதை நிர்வகிக்கும் கடவுச்சொல் வாங்கிய நாளில் வந்தபடியே "அட்மின்" என்றிருந்தது. மறையாக்கமும் பழைய வகை. காற்றில் போகும் செய்தியை மூடிக் கட்டுகிற வேலை அதனுடையது, இந்தக் கட்டு எளிதில் அவிழும். புது வகைக்கு மாற்றினேன். இணைந்திருந்த போன்களின் பட்டியல் வந்தது. பதினாறு. மாமா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் "ஜின் 0418" என்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஜின் என்று நானே பெயர் வைத்த என்னுடைய போன்.

அவருடைய விரல் அந்த இலக்கத்தில் வந்து நின்றது.

"அதையும் வெளியால போடுங்கோ மாமா," என்றேன்.

"ம்."

"புதுக் கடவுச்சொல் அடியுங்கோ. அட்டை இலக்கம் வேணாம். ஒருத்தருக்கும் தெரியாததா இருக்கட்டும். எனக்கும் காட்டாதீங்கோ."

"வேற இலக்கம் எனக்குத் தெரியாதே புள்ள."

"அப்ப சொல்லா அடியுங்கோ. மாமிக்கு மட்டும் தெரிஞ்சது ஏதும் இருக்கும்தானே?"

நான் சுவரைப் பார்த்து நின்றேன். சுவர் முழுக்கப் பூனைகள். பின்னால் அவருடைய ஒரு விரல் நெடுநேரம் தேடித் தேடி அடித்தது. மதிலில் சத்தம் ஒரேயடியாக நின்றது.

அடுத்த நாள் பைசர் குசினி யன்னலுக்கே வந்துவிட்டான்.

"ஏய் ஜின்னு, புதுசு என்ன?"

"தெரியாது."

"பொய் சொல்லாதடி."

"அல்லாஹ்வறிய தெரியாது. போடா."

அஸர் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபட்டது. "மரியம், கேக்குதா?" உலையில் அரிசி போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆ. சரி," என்றார் மாமா.

அரிசியைப் போட்டேன்.

கொஞ்சம் கழித்து வேலிக்கு மேலால் அவருடைய தலை தெரிந்தது. "பூன வாறதில்லையே. ஒவ்வொண்டையும் அவவுக்குக் காட்டுறனான். அதுக்கு மட்டும் ரெண்டு தரம் கண்ண மூடுவா."

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் பூனை ஒன்று கீறிக் கொடுத்தேன். அவசரத்தில் ஐந்து கால் விழுந்துவிட்டது.

"காணும், இது போதும்," என்று வாங்கிக்கொண்டு போனார்.