டேப் டிரைவுக்குக் கடைசிக் கற்பூரம்

எங்கள் கடலூர் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளவரசுவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சிஸ்டம்’தான். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவான். மனுஷரிடம் ஊமை, மெஷினிடம் பேச ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது. சாமியே கிடையாது என்பான். ஆயுத பூஜை வந்தால் அவனுக்கே சாமி வந்துவிடும். ஒயரையெல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாக ஸ்விட்ச் போடுவான். பெரியவருக்கு முதல் மரியாதை என்று சர்வர்தான் முதலில். இந்த வருஷம், டேப்பில் பதிந்ததைப் படிக்கிற பழைய டேப் டிரைவுக்கும் குளியல் நடந்தது. அதை அணைத்து யாரும் பார்த்ததில்லை.

பூஜை விடுமுறை முடிந்து திறந்த அன்று பட்டம்மாள் வந்தார். காட்டுமன்னார்கோயிலில் வயல் வேலை செய்கிறவர். நுரையீரலில் ஒரு புள்ளி, மறுநாள் சிதம்பரத்தில் ஆபரேஷன். எங்களிடம் முன்பு எடுத்த ஸ்கேனிலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் வெட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டம்மாளிடம் இருந்த பிலிம் வெள்ளத்தில் போய்விட்டது. எங்களிடம் இருந்தது டேப்பில். பழைய ஸ்கேனை டேப்பில் ஏற்றி பீரோவில் அடுக்குவது எங்கள் முதலாளியின் சிக்கனம்.

இளவரசு டேப்பைச் செருகினான். டிரைவில் பச்சை விளக்கு எரிந்தது. சர்வரில் ஓடும் லினக்ஸோ அப்படி ஒரு ஆளே இல்லை என்றது.

“கெழட்டு மூதேவி, பல்ல மட்டும் காட்டுது பாரு!”

கேபிளை மாற்றினான். இடுக்கில் இருந்த சந்தனத்தை ஊசியால் நோண்டினான். சர்வரை மட்டும் அணைக்கவில்லை. பூஜையில் போட்டதை உடனே அணைப்பது அபசகுனமாம், இந்த நாத்திகனுக்கு. கடைசியில் கையை விரித்தான்.

“டிரைவ் போச்சும்மா. புதுசு வர ஒரு வாரம் ஆவும்.”

“வாரங் கழிச்சி வந்தா, வெட்டுனத ஒட்டி வுடுவாங்களா தம்பி?” என்றார் பட்டம்மாள்.

அவன் என்னிடம் பாய்ந்தான். “பூஜை அன்னிக்கி நல்லாதாங்க்கா இருந்துச்சி!”

வாயை மூடட்டும் என்று அன்று எடுத்த போட்டோவை நீட்டினேன். அதில் சர்வர் முழுக்க விளக்கு மினுக்குகிறது. பக்கத்தில் டேப் டிரைவ் இருட்டாக, எலுமிச்சம்பழத்தோடு, தன் கற்பூரத்துக்குக் காத்திருக்கிறது.

இளவரசு தலையில் அடித்துக்கொண்டான். “சர்வர் எழுந்திரிக்கும்போதுதாங்க்கா யார் யார் இருக்கீங்கன்னு கேக்கும். இல போடும்போது இல்லாதவனுக்கு யாரு சோறு போடுவா?”

அபசகுனத்தை மறந்து எல்லாவற்றையும் அணைத்தான். முதலில் டிரைவ், அப்புறம் சர்வர். பட்டியலில் டேப் வந்து உட்கார்ந்தது.

படம் சிதம்பரத்துக்குப் போனது. மதியம் டாக்டரே கூப்பிட்டார். அதே புள்ளி, அதே அளவு. வெட்ட வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும். பட்டம்மாள் வாய்விட்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் தங்கக் கொண்டுவந்திருந்த பையைத் துழாவி, திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். நேராகப் போய் டிரைவின் வாயருகிலேயே பட்டையாகப் பூசினார். காலையெல்லாம் சந்தனம் நோண்டியவன் பக்கத்திலேயே நின்றான். கத்தப் போகிறான் என்று பார்த்தேன்.

“எனக்கும் கொஞ்சம் பூசி வுடுங்கம்மா” என்று குனிந்தான்.